இதுவரை வளர்ச்சி இல்லை

ஜூன் 16, ஞாயிறு

தம்பி பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டான். அப்பாவும் கூட வந்தார். பெட்டியை அவர் தூக்கவில்லை, முடியவில்லை என்று சொல்லவும் இல்லை. குடியாத்தத்தில் பஸ் ஏறியதிலிருந்து காட்பாடி வரை ஒரே இருமல் என்று தம்பி அடுக்களைக்கு வந்து என் காதில் போட்டான்.

ஜூன் 18, செவ்வாய்

அப்பாவின் சளியில் காசநோய்க் கிருமி தேடினார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் நெகட்டிவ். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ். கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் வலது மேல் பக்கம் ஒரு நிழல். அறிக்கையை அப்பாவிடம் கொடுக்காமல் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 19, புதன்

தம்பிக்குப் பத்தாவது வரை தமிழ்வழி, இன்று முதல் ஆங்கிலவழி. யாரோ ஓர் அண்ணன் கொடுத்தாராம், ஜெராக்ஸ் எடுத்த சொற்பட்டியல் ஒன்று: ஒளிச்சேர்க்கை என்றால் போட்டோசிந்தசிஸ், ஒளிவிலகல் என்றால் ரிஃப்ராக்ஷன், இப்படியே பக்கம் பக்கமாக. இரவோடு இரவாக ஒப்பித்துவிட்டான். ரயில் பெட்டி நீளத்துக்கு இருக்கும் பெயர்களெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. பிறகு இயற்பியல் புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்தவன் அரை மணி நேரம் பக்கம் புரட்டவே இல்லை.

எட்டிப் பார்த்தேன். பென்சிலால் கோடு போட்டிருந்த சொற்கள்: அஸ்யூம், நெக்ளிஜிபிள், ரெஸ்பெக்டிவ்லி, வேர்ஆஸ், ஹென்ஸ், பர் யூனிட், டெண்ட்ஸ் டு. ஒன்றுகூட அறிவியல் பெயர் இல்லை! அந்தப் பட்டியலிலும் ஒன்றுகூட இல்லை. பெயர்களைப் பாடமே பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் விளக்கிவிடுகிறது. 'காற்றின் தடையைப் புறக்கணிக்கத்தக்கது என்று கொள்க' என்ற வாக்கியத்தில் புறக்கணிப்பதையும் கொள்வதையும் யார் விளக்குவார்கள்? எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணி எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கும் டிப்ளமோ முதல் வருடம் இதே கதைதான்.

பக்கத்து வீட்டிலிருந்து தமிழ்வழிப் புத்தகத்தையும் வாங்கி வந்து இரண்டையும் அருகருகே விரித்து வைத்தேன். பக்க எண் ஒத்துப்போகாது, படத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். சொல்லை எழுதாதே, அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அப்பா ஜன்னலோரம் படுத்தார். தம்பியை உள் அறைக்கு அனுப்பினேன். ஏன் என்று இருவருமே கேட்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

மாலையில் அப்பாவுக்குக் காய்ச்சல், 99.8.

ஜூன் 23, ஞாயிறு

வேலூர் வெயிலில் சைக்கிள் டயரும் உயிரை விட்டது. பஞ்சர் கடையில் நின்றபோது தம்பி சொன்னான்: "அக்கா, இவர் டியூபில் தடவுவதும் சொல்யூஷன், வேதியியலில் வருவதும் சொல்யூஷன், கணக்கு மிஸ் கேட்பதும் சொல்யூஷன்." கடைக்காரர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை, இருவரும் தேட ஆரம்பித்தோம். பவர் என்றால் நமக்குக் கண்ணாடியும் கரண்டும். இயற்பியலில் ஒரு விநாடியில் செய்யும் வேலை. பிரஷர் என்றால் மாத்திரை சாப்பிடும் நோய், அங்கே விசையைப் பரப்பால் வகுத்தது. சுகர் வியாதி, வேதியியலில் ஒரு பெரிய குடும்பம். ரேட் என்றால் கத்தரிக்காய் விலை, பாடத்தில் வினை நடக்கும் வேகம். இவையெல்லாம் தமிழில் குடியேறி வெகுநாளான சொற்கள், அதனால் தெரியாத சொல்லைவிட ஆபத்தானவை. தெரியாததற்கு அகராதியைப் புரட்டுவான். தெரிந்ததற்கு எதற்குப் புரட்டப் போகிறான்?

அப்பா வாசல் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தலையில் மூட்டையோடு காட்பாடி ஜங்ஷனில் ஒரு போர்ட்டர் அசையாமல் நின்றால் அவர் செய்த வேலை சுழியம், இடப்பெயர்ச்சி இல்லையே என்று தம்பி விளக்கினான். "இந்தக் கணக்கைத் தறி மேஸ்திரியிடம் சொல்லிவிடாதே, கூலியில் பிடித்துக்கொள்வார்" என்றார் அப்பா. சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஜூன் 27, வியாழன்

காலையில் ஆய்வகத்தில் குளுக்கோஸ் இயந்திரத்துக்குக் கன்ட்ரோல் ஓட்டினேன், அளவு முன்பே தெரிந்த மாதிரி அது. வரவேண்டியது 95, வந்தது 110. மறுபடியும் 110. மறுபடியும் 111. இரவு தம்பி ஆக்யூரசிக்கும் பிரிசிஷனுக்கும் வித்தியாசம் கேட்டபோது இதையே சொன்னேன்: என் இயந்திரம் சொன்னதையே சொல்கிறது, ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்தால் பிரிசிஷன், உண்மை மதிப்புக்கு நெருக்கமாக விழுந்தால் ஆக்யூரசி. மூன்று தடவை கிட்டத்தட்ட ஒரே பதில் வந்ததாலேயே அது சரியாகிவிடாது.

சளியை இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டு தடவையும் நெகட்டிவ்.

ஜூன் 29, சனி

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு 15 முதல் 20 மணி நேரம் வேண்டும். அதனால்தான் கிருமியை வளர்க்கும் திரவ ஊடகத்தில் 42 நாள் வரை பார்க்கிறார்கள், முட்டை கலந்த திட ஊடகத்தில் 8 வாரம் வரை. எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே பொறுமையாக விளக்கியிருக்கிறேன். இன்று கல்ச்சர் பிரிவின் வாசல் வரை போய்விட்டு, எதையோ மறந்தவள் போலத் திரும்பி வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

நல்ல நாள். காய்ச்சல் இல்லை. அப்பா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

தம்பிக்கு வேர்ச்சொல் பைத்தியம் பிடித்திருக்கிறது. லைசிஸ் என்றால் பிரிதல், உடைதல் என்று ஒன்றைக் கொடுத்தேன். எலக்ட்ரோலைசிஸ் மின்சாரத்தால், ஹைட்ரோலைசிஸ் நீரால் என்று அவனே பிரித்தான். ஹீமோலைசிஸ் என்றால் சிவப்பணு உடைவது என்றேன். ரத்தம் எடுக்கும்போதே அது நடந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். உடனே பொட்டாசியத்துக்குக் குறி ஏன் 'கே' என்று மடக்கினான். லத்தீனில் கேலியம். சோடியத்துக்கு நேட்ரியம், அதனால் 'என்ஏ'. ஹைப்போகலீமியா, ஹைப்பர்கலீமியா என்று அவன் உரக்கச் சொல்லிப் பார்த்தபோது சொன்னேன்: இரண்டுக்கும் நடுவே காதில் விழுவது ஓர் எழுத்து வித்தியாசம். ஒன்று ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, மற்றது கூடுதல், எல்லை மீறினால் இரண்டுமே இதயத் துடிப்பைக் குலைக்கும். வார்டுக்குப் போன் செய்யும்போது நாங்கள் பெயரை மட்டும் சொல்வதில்லை. எண்ணைச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் போனை வைப்போம்.

பன்மைதான் அவனை அழ வைக்கிறது. பாக்டீரியம் ஒன்று, பாக்டீரியா பல. நியூக்ளியஸ், நியூக்ளிஐ. ஹைப்பாதிசிஸ், ஹைப்பாதிசீஸ். 'கள்' போட்டால் முடிந்த வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறான். நியாயமான கேள்வி.

ஜூலை 5, வெள்ளி

மறுபடியும் காய்ச்சல், 100. கரண்ட் இல்லை. அம்மா போனில் கேட்ட எதற்கும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஜூலை 8, திங்கள்

வகுப்புத் தேர்வுத் தாள் வந்தது. 'ஸ்டேட்' என்று கேட்ட கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான், 'எக்ஸ்பிளைன்' என்றதற்கு இரண்டு வரி. பாடம் முழுவதும் தெரியும், மதிப்பெண் பாதி. விஷயம் தெரியாமல் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இது வயிற்றெரிச்சல்.

உட்கார வைத்து ஏவல் சொற்களை மட்டும் பிரித்தோம். ஸ்டேட் என்றால் விதியைச் சொல், நிறுத்து. டிஃபைன் என்றால் இலக்கணம் போல ஒரே வாக்கியம். டிஸ்க்ரைப் என்றால் என்ன தெரிகிறது, எப்படி நடக்கிறது. எக்ஸ்பிளைன் என்றால் ஏன் நடக்கிறது, 'பிகாஸ்' இல்லாத விடை விடையே இல்லை. டிஸ்டிங்குவிஷ் என்றால் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுது. டெரைவ் என்றால் சமன்பாட்டைப் படிப்படியாக வருவி. கேள்வியில் 'நாட்', 'எக்ஸெப்ட்' வந்தால் வட்டம் போட்ட பிறகுதான் விடையைப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. மேக்னிட்யூட் என்றால் வெக்டாரின் அளவுதானே என்று வைத்திருந்தவனுக்கு, விண்மீன் விஷயத்தில் அந்த எண் கூடக்கூட ஒளி மங்கும் என்று சொன்னதும் கோபமே வந்துவிட்டது.

ஜூலை 10, புதன்

1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியின் நினைவுநாள். மக்கான் சிக்னல் அருகே ஸ்தூபிக்கு மாலை போட்டார்கள். வருடந்தோறும் பார்ப்பதற்கென்றே குடியாத்தத்திலிருந்து வருகிற அப்பா, இந்த வருடம் ஊரிலேயே இருந்தும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஜூலை 13, சனி

கல்ச்சரின் இடைக்கால அறிக்கை. இதுவரை வளர்ச்சி இல்லை.

அப்பா தாளை என்னிடம் கேட்கவில்லை, தம்பியிடம் கேட்டார். "நீதான் இப்போது இங்கிலீஷில் படிக்கிறாயே, படி. இல்லை என்று போட்டிருக்கிறதா?" நான் அடுக்களையிலேயே நின்றுவிட்டேன். அவன் நிதானமாகப் படித்தான். "இல்லை என்று போடவில்லை அப்பா. இதுவரை இல்லை என்று போட்டிருக்கிறது. இன்னும் பார்ப்பார்கள்." பிறகு எக்ஸ்ரே அறிக்கையையும் கேட்டு வாங்கினான். என் கைப்பையில் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

சஜஸ்டிவ் ஆஃப். கேனாட் பி ரூல்டு அவுட். கோரிலேட் கிளினிக்கலி. அவற்றின் கீழெல்லாம் பென்சில் கோடு விழுந்தது. "அக்கா, இவர்கள் எதையுமே உறுதியாகச் சொல்லமாட்டார்களா?" என்றான். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். சஜஸ்ட்ஸ் என்றால் அந்தப் பக்கம் கை காட்டுகிறது. கன்சிஸ்டென்ட் வித் என்றால் அதனோடு முரண்படவில்லை, வேறொன்றாகவும் இருக்கலாம். லைக்லி இன்னும் ஒரு படி மேலே. கன்ஃபர்ம்டு என்று எழுதினால்தான் உறுதி. ரூல்டு அவுட் என்றால் வாசலைச் சாத்தியாயிற்று, கேனாட் பி போட்டால் சாத்தவில்லை. கோரிலேட் கிளினிக்கலி என்றால் நிழலை மட்டும் பார்க்காதே, ஆளையும் பார். தெரிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லக்கூடாது என்பதற்காகவே இத்தனை படிகள். அந்தச் சொற்பட்டியலில் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவை இவைதான், போட்டோசிந்தசிஸ் பத்தாம் பக்கத்தில் வந்தால் போதும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "அப்படியானால் டாக்டருக்கும் தெரியவில்லை. சரி, அதையாவது நேராகச் சொல்லியிருக்கிறாரே."

இரவு சாதம் வேண்டாம் என்றார். கஞ்சி.

ஜூலை 14, ஞாயிறு

சி.டி. எடுக்க நாளை காலை 7 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், வெறும் வயிற்றில். எனக்குக் காலை ஷிப்ட், மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. தம்பி, நான் அழைத்துப் போகிறேன், படிவத்தை நானே நிரப்புவேன் என்கிறான். 'அலர்ஜி', 'கான்ட்ராஸ்ட்', 'கன்சென்ட்' மூன்றையும் இப்போது சொல்லிக்கொடுக்க வேண்டும்.