எடைமேடையில் ஒன்றேகால் மணி

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சீசன் சூடு பிடித்துவிட்டால் மதியம் என்று ஒன்று தனியாக நமக்குக் கிடையாது. காலையில் பறித்த பெங்களூரா காய், அதாவது மற்ற ஊர்க்காரர்கள் கிளிமூக்கு என்று சொல்வது, பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து லாரியும் டிராக்டருமாக வந்து சேர்வதே பன்னிரண்டு, ஒரு மணிக்குத்தான். நான் எடைமேடைக்குப் பக்கத்து அறையில் கொள்முதல் பில் போடுகிறவள். பதினோரு வருடம் ஆகிறது. அதில் முதல் ஏழு வருடம் நான் மதியம் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்று சொல்லலாம். டப்பாவைத் திறந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், வலது கையால் ஒரு வாய், இடது கையை நீட்டி வலப்பக்கம் இருக்கும் எண் விசைகளில் எடையைத் தட்டுவது, ஜன்னலில் அடுத்த சீட்டு. அதைத் திறமை என்றே நினைத்தேன், மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

நாலு வருடத்துக்கு முந்தைய சீசன். சாயங்காலம் ஆறு மணிக்கு எடைமேடைச் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் என் பதிவேட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை. 1,800 கிலோ இடித்தது. இருநூறு சீட்டுக்கு மேல். எதிலிருந்து தேடுவது என்று கை நடுங்க உட்கார்ந்திருந்தபோது எங்கள் பெரிய கணக்கர் வந்து பார்த்துவிட்டு, "ஒன்பதால வகுத்துப் பாரும்மா" என்றார். மீதியில்லாமல் வகுபட்டது. "அப்ப எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு. வேற எதையும் தேடாத, அதை மட்டும் தேடு." பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது பழைய கணக்கர்கள் கைவசம் வைத்திருக்கும் வித்தை. 21க்கும் 12க்கும் ஒன்பது வித்தியாசம், 86க்கும் 68க்கும் பதினெட்டு. அதை வைத்துக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. லோடு வண்டி 13,020 கிலோ, காலி வண்டி 4,380, நிகர எடை 8,640. நான் பில்லில் தட்டியிருந்தது 6,840. சீட்டின் ஓரத்தில் மஞ்சளாகச் சாம்பார்க் கறை, என் விரல் பட்ட இடம். நேரம் ஒன்று இருபத்தெட்டு.

1,800 கிலோ என்றால் குட்டி யானையில் இரண்டு நடை அடித்தாலும் தீராத பாரம். ஒரு வருடம் தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்து, ஆள் வைத்துப் பறித்து, வாடகை லாரி பிடித்துக் கொண்டுவந்தவருடைய காய் அது. உடனே அவருக்குப் போன் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "நானும் வண்டில வரும்போதே நெனச்சேம்மா, கம்மியா தெரியுதேன்னு. கம்ப்யூட்டர்ல வந்த கணக்கு, அதப்போய் என்னத்த கேக்கறதுன்னு வந்துட்டேன்." திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அவர் கேட்காமல் போனதுதான் இன்றைக்கும் மனசில் நிற்கிறது. மறுநாள் பில்லைத் திருத்தி, மீதிப் பணத்துக்கும் வவுச்சர் போட்டுக் கொடுத்தோம்.

அந்த வாரமே மேனேஜரிடம் போய், தினமும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் வரை பில் ஜன்னலை மூட வேண்டும் என்று கேட்டேன். வண்டி தேங்கும், விவசாயிகள் சத்தம் போடுவார்கள் என்றார். நியாயமான பயம்தான். ஆனால் தொழிற்சாலைச் சட்டம் 1948ஆம் வருடமே இதைப் பேசிவிட்டது. அதன் 55ஆவது பிரிவுப்படி, குறைந்தது அரை மணி நேர ஓய்வு கொடுக்காமல் ஒருவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய வைக்கக் கூடாது என்று அப்போது இருந்தது. நான் எட்டேகாலுக்கு உட்காருகிறவள். ஒன்றேகாலுக்கே ஐந்து மணி நேரம் முடிந்துவிடுகிறது. சட்டத்தைச் சொன்னதைவிட அந்தச் சாம்பார்க் கறை பட்ட சீட்டை மேசையில் வைத்ததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒரு பலகையில் "சாப்பாட்டு நேரம் 1.15 – 1.45" என்று எழுதி ஜன்னலில் மாட்டினோம். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. எடைமேடை பாட்டுக்கு ஓடுகிறது, பில் மட்டும் அரை மணி தள்ளிப் போகிறது, அந்த நேரத்தில் டிரைவர்களும் விவசாயிகளும் தங்கள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் பசிக்கும் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, கிடைத்த அரை மணியை என்ன செய்வது? மதிய இடைவேளையில் படி, புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள், பரீட்சைக்குத் தயாராகு என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் ஒரு வருடம் குரூப் நாலு புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். காலையிலிருந்து எண்களைப் பார்த்த கண்ணுக்கு மறுபடி எழுத்தைக் கொடுத்தால் அது ஓய்வு இல்லை, இன்னொரு வேலை. சாப்பாடும் ருசிக்கவில்லை, படித்ததும் நிற்கவில்லை. எழுந்து நடமாடும் வேலை செய்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். உட்கார்ந்தே பார்க்கும் வேலைக்காரர்களுக்கு முதல் தேவை நாற்காலியை விட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் யாராவது ஒருவர் "ஒரு நிமிஷம்மா" என்று வந்துதான் தீருவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

காம்பவுண்டு ஓரத்தில் ஒரு புளியமரம். காய் தரம் பிரிக்கும் செக்‌ஷன் அக்காக்கள் ஆறேழு பேர் அங்கேதான் தூக்கைத் திறப்பார்கள், நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஒரு அக்கா தினமும் களி கொண்டுவருவார். காலை ஐந்து மணிக்குக் கிண்டி, உருட்டி, ஈரத்துணி சுற்றி வைத்தது, மதியமும் உள்ளே மெத்தென்று இருக்கும். கூடக் கீரைக் கடைசல். என் தக்காளி சாதத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு அதில் ஒரு கிள்ளு வாங்கிக்கொள்வேன். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பார்கள், அதனால் சின்னச் சின்னதாகக் கிள்ளி, கடைசலில் தோய்த்து, நிதானமாகத்தான் சாப்பிட முடியும். வேகமாகச் சாப்பிடுகிற என் பழக்கத்தை மாற்றியது அந்தக் களிதான். ஏழு வருடம் ஒரே கேட் வழியாக உள்ளே வந்த எங்களுக்கு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் இருந்ததும் அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

சாப்பிட்டு முடிக்கக் கால் மணி. மீதியில் கேட்டிலிருந்து குளிர்பதனக் கிடங்கு வரை இரண்டு தடவை போய்வருவேன், பத்து நிமிடம் ஆகும். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும், மெதுவாக நடந்தாலே போதும், கால் தசைகள் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, அதனால் இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நடந்தால் தூக்கமே வராது என்று சொல்ல மாட்டேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வரும் மந்தம் உடம்பின் கடிகாரத்தோடும் சேர்ந்தது, சாப்பிடாதவர்களுக்கும் வரும். ஆனால் முன்பு மாதிரி எண்கள் கண்ணில் கலங்குவதில்லை.

டீயையும் தள்ளிவைத்தேன். முன்பெல்லாம் சாப்பிட்ட வாயோடு டீ வந்துவிடும். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ் அக்கா முதலில் கேட்டதே "சாப்ட்டதும் டீ குடிப்பியா?" என்றுதான். டீயின் துவர்ப்பு, கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்குமாம். இப்போது மூன்று மணிக்குக் குடிக்கிறேன். தரம் பிரிக்கும் அக்காக்களிடமும் சொன்னேன், இரண்டு பேர் மாற்றிக்கொண்டார்கள், மற்றவர்கள் டீ இல்லாமல் மதியம் ஓடாது என்றார்கள்.

போன சீசனில் அந்த விவசாயி மறுபடி வந்தார். ஜன்னலுக்கு வந்தபோது மணி சரியாக ஒன்று பதினான்கு. பில்லைப் போட்டுவிட்டு எழலாம் என்று கை நீட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், சீட்டைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீ சாப்ட்டு வாம்மா, வண்டி எங்கயும் போயிடாது" என்று டிரைவரோடு நிழல் பக்கம் நடந்தார். ஒன்றேமுக்காலுக்கு முதல் பில் அவருடையது. எடையை நான் ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன், அவர் சீட்டைப் பார்த்து ஒரு முறை படித்தார். அன்றிலிருந்து எல்லோரிடமும் அப்படிப் படித்துக் காட்டித்தான் பில் கொடுக்கிறேன்.

சீசன் முடிந்து வண்டி வரத்து நின்றதும், இனி யார் வரப்போகிறார்கள், பலகையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டில் இருக்கும் அண்ணன் கேட்டார். வேண்டாம் அண்ணா என்றேன். ஜன்னலில் ஆளே இல்லாத அந்த ஆகஸ்ட் வாரத்தில்தான், ஒரு நாள் என்னையும் அறியாமல் டப்பாவைத் திறந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.