மார்கழியில் கானாடுகாத்தான்: நிழலோரம் இரண்டு நாய்கள்

நாயோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு மலையும் அருவியும் பெரிய விஷயமே இல்லை. மேடு பள்ளம் இல்லாத தரை, அதன்மேல் நல்ல நிழல். இந்த இரண்டும் இருக்கிற ஊர்தான் எங்களுக்குச் சுற்றுலாத் தலம். வீட்டில் இருப்பது மணியும் பிச்சியும். மணி தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய். வயதாகிவிட்டது, பின்னங்கால் மூட்டில் வலி, படியேற மாட்டான். பிச்சி சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். கண்ணில் ஏதாவது அசைந்தால் போதும், கயிறு கையை அறுத்துவிடும். ஒருவருக்குச் சமதரை வேண்டும், இன்னொருவருக்கு நீளமான தெரு வேண்டும். நிழல் இருவருக்கும் வேண்டும். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வழியாகத்தான் தள்ளியாக வேண்டும்.

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரில் போனோம். ரயிலில் நாயைக் கூட்டிப்போக ஏசி முதல் வகுப்பில் தனி கூபே கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் விட வேண்டும். மணியைக் கூண்டில் அடைக்க எனக்கு மனசு வரவில்லை.

வழியில் வைரவன்பட்டி. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அங்கே இருக்கும் கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே இருக்காது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இதுவும் ஒன்று. வைரவருக்கு வாகனம் நாய் என்பதால் இந்தக் கோயிலைத் தாண்டிப் போக எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்காரர் உள்ளே போக நான் வெளியே மரத்தடியில் நாய்களோடு, பிறகு நான் உள்ளே அவர் வெளியே. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா பிச்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன தாயி, சோறு கீறு போடுறதில்லையா இதுக்கு?” என்றார். சிப்பிப்பாறை வளர்க்கிற எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி. இனமே இப்படித்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை; அவரும் நம்பவில்லை.

காரைக்குடியில் முதலில் தேடிப் போனது ஒரு பூங்காவை. இன்டர்லாக் கல் பதித்த நடைபாதை, இருபுறமும் புங்கையும் வேம்பும், தரை மட்டம் தப்பாமல் ஒரு சுற்று. மணிக்கென்றே போட்ட மாதிரி இருந்தது. வாசலில் காவலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “நாய் உள்ள வரக்கூடாதுங்க. சின்னப் பிள்ளைக விளையாடுற எடம். காலைல நடக்க வர்ற பெரியவுக பயப்படுறாக.” சட்டம் பேச எனக்குத் தோன்றவில்லை. நடைபாதை நாலடி அகலம்தான். எதிரே ஒருவர் வந்தால் நாய் உரசாமல் போக வழியில்லை. நகரத்துப் பூங்காக்களில் நாய்க்கென்று ஒரு மூலையை வேலி கட்டி ஒதுக்கலாம், அல்லது விடிகாலை ஒரு மணி நேரம் கொடுக்கலாம் என்பது என் ஆசை. அதை அந்த மனிதரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மரநிழலுக்குக் காரைக்குடியில் பஞ்சமில்லை. 1947இல் கல்லூரி தொடங்கி, மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் வள்ளல் அழகப்பர். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த வளாகங்களின் பக்கம் போனால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அங்கேயும் கேட் உண்டு, காவல் உண்டு. “கானாடுகாத்தான் பக்கம் போங்க. தெருவெல்லாம் அகலம். வண்டியே வராது” என்று வழி சொன்னவர் அதே காவலாளிதான். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போல. பேரூராட்சிதான், ஆனால் தெருக்களைப் பார்த்தால் யாரோ நூல் பிடித்துப் போட்டது தெரியும். நேர்த் தெரு, குறுக்குத் தெரு, மறுபடி நேர்த் தெரு. ஒரு வீட்டின் தலைவாசல் ஒரு தெருவில் இருந்தால் கொல்லைப்புறக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு போய்க்கொண்டே இருக்கிறது. இந்தச் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014இல் சேர்த்திருக்கிறார்கள். வீட்டை நடுவில் வைத்துத் தெருவை அளந்த விதத்துக்கே அது தகும்.

நாயோடு நடக்கிறவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருக்கின்றன. அதனால் வாசல் தெருக்கள் வடக்கு தெற்கு. பக்கச் சுவர் ஓடும் குறுக்குத் தெருக்கள் கிழக்கு மேற்கு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. ஆகவே குறுக்குத் தெருவில் தெற்குப் பக்கத்துச் சுவரை ஒட்டிப் போனால் காலை முழுக்க நிழல். உச்சியிலும் சுவரடியில் கொஞ்சம் மிஞ்சும். வாசல் தெருவில் காலையில் கிழக்கு வரிசையை ஒட்டி நடக்க வேண்டும், மாலையில் மேற்கு வரிசையை ஒட்டி. மரமே இல்லாமல் நிழலில் நடக்கலாம் என்று எனக்கு இந்த ஊர்தான் காட்டியது. சித்திரையில் இந்தக் கணக்கு செல்லாது. உச்சி வெயில் நட்ட நடுத் தலையில் நின்றால் எந்தச் சுவரும் உதவாது.

தரையும் நாய்க்கு ஏற்றது. செம்மண் தெருவும் சிமெண்ட் தெருவும் கலந்து வருகின்றன. தார் சாலை வந்தால் குனிந்து புறங்கையை வைத்துப் பார்ப்பேன். பத்து எண்ணும்வரை பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. செம்மண்ணில் அந்தக் கவலை குறைவு. பார்வைக்குத் தெரு மட்டமாக இருந்தாலும் லேசான வாட்டம் உண்டு. கூரைத் தண்ணீர் வளவில் இறங்கி, மிஞ்சியது வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, ஊருணிக்குப் போகிற ஏற்பாடு அது. மணியின் கால் அந்த வாட்டத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை. நடை சீராக இருந்தது, நொண்டவில்லை.

ஆனால் மார்கழி. விடிவதற்கு முன்பே சாணி தெளித்து, வாசலுக்கு வாசல் கோலம். சிக்குக் கோலம், புள்ளிக் கோலம், நடுவில் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ. சில வாசல்களில் கோலம் பாதித் தெருவை எட்டிவிடுகிறது. நிழல் பக்கம் கோலம் இருந்தால் வெயில் பக்கம் ஒதுங்கி, அடுத்த வாசலில் திரும்ப நிழலுக்கு. கயிற்றைக் குட்டையாகப் பிடித்துப் பிச்சியை வளைத்து வளைத்துக் கூட்டிப்போனேன். ஓரிடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிரவே இல்லை. “அந்த ஓரமாக் கூட்டிட்டுப் போம்மா. மூக்கை வச்சா அரிசி மாவு, நக்கிப்புடும்.” சரியாகத்தான் சொன்னார். பூசணிப்பூவை மணி ஏற்கெனவே முகர்ந்து பார்த்து, சாணத்தில் ஒரு வாய் வைக்கத் தயாராக இருந்தான்.

இன்னொரு சங்கடம் சுவர். சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கண்ணாடியாக மினுக்கிய சுவர்கள் இவை. எத்தனையோ மழை பார்த்தும் பளபளப்பு போகாத சுவரில் மணி காலைத் தூக்கினால் பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கையிலேயே இருந்தது. மின்கம்பத்தைக் கண்டால் நிற்போம், சுவரைக் கண்டால் நடப்போம், தப்பிப்போனால் உடனே தண்ணீர் ஊற்றிவிடுவோம். மற்றதற்குப் பழைய பேப்பரும் பையும். ஊரில் யாரும் இதைச் செய்து பார்த்ததில்லை போல. சைக்கிளில் போன பையன் ஒருவன் நின்று, நான் குனிந்து அள்ளுவதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில், வேறெங்கோ. கல்யாணம், சாந்தி என்றால்தான் கதவு திறக்கும். அதுவரை அந்தத் திண்ணைகள் தெரு நாய்களுக்கு. ஒரு தெருவுக்கு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் எல்லை குறுக்குத் தெரு முனையோடு முடிகிறது. முனை வரை குரைத்துக்கொண்டு வருபவை அதற்கு மேல் ஓர் அடி வைப்பதில்லை. சிலவற்றுக்குக் காது நுனி வெட்டியிருந்தது. கருத்தடை செய்த அடையாளம். முறைத்துப் பார்க்காமல், நிற்காமல், நம் நாயைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் நடந்தால் போதும். கல்லெடுக்கக் குனிவது ஆகவே ஆகாது. ஒரு வீட்டு வாசலில் மட்டும் கருப்பு நாய் ஒன்று பல்லைக் காட்டி நெருங்கிவிட்டது. பின்னால் மூன்று குட்டிகள். அதன் நியாயம் அதற்கு. உள்ளிருந்து வந்த காவல்கார அண்ணன் கத்தக்கூட இல்லை. “ஏய் கருப்பாயி, விருந்தாளி வந்திருக்காக, சும்மா கெட.” அவள் திண்ணைக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். பூட்டிய வீட்டுக்குச் சாவி அவரிடம், காவல் கருப்பாயியிடம்.

வெயில் ஏறியதும் தங்கியிருந்த பழைய வீட்டுக்குள் வந்துவிட்டோம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுக் கூட்டை வைத்து, நிறக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு எடுக்கிற கல் அது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் வந்துவிடும். மனிதப் பாதத்துக்கு வெண்ணெய். மணிக்கோ நகம் பிடிக்கவே இல்லை. நான்கு காலும் நான்கு திசைக்குப் போக, வளவு நடுவில் பரிதாபமாக நின்றான். சமையல்கார அக்கா கோணிச்சாக்குகளை வரிசையாக விரித்துப் பாதை போட்டுக் கொடுத்தார். பிச்சி அந்த வழுக்கலைக் கண்டுகொள்ளவே இல்லை; தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள்.

அதே அக்கா நாய்களுக்கென்று கோழிக் குழம்பில் எலும்பும் சோறும் பிசைந்து கொண்டுவந்தார். மறுக்கிற சங்கடத்தை என்னவென்று சொல்ல! வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்; வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவைக் கெடுக்கும். செட்டிநாட்டு அடுப்படியில் சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு ஏது? வெறும் சோறும் தயிரும் கேட்டு வாங்கிப் போட்டோம். குழம்புச் சோறு வீணாகவில்லை, அதை நாங்களே சாப்பிட்டோம், எலும்பையும் கடித்தோம்.

மாலை நடை ஊருணிப் பக்கம். இங்கே ஒரு விஷயத்தை நாய் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஊருணியில் நாயை இறக்கக் கூடாது. சில ஊருணிகளைக் குடிதண்ணீருக்கென்றே வேலி போட்டுக் காத்த ஊர்கள் இவை. படிக்கட்டில் நாய் கால் வைத்தாலே முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. கரையோடு நின்று, கொண்டுபோன எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்தோம். கரை மட்டமானதுதான், ஆனால் ஓரத்துப் புல்லில் நெருஞ்சி மண்டிக் கிடந்தது. பிச்சி திடீரென்று மூன்று காலில் நின்றுவிட்டாள். முன்பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுத் திண்டுக்கும் விரல் திண்டுக்கும் நடுவில் ஒரு நெருஞ்சிக் காய், இரண்டு முள் உள்ளே. இழுத்தால் ஒரு முள் உடைந்து தங்கிவிடும் என்று வீட்டுக்காரர் பாதத்தைப் பிடித்து விரலை அகட்ட, நான் நகத்தால் காயின் அடியைக் கிள்ளி நேராகத் தூக்கினேன். ஒரு சொட்டு ரத்தம். அவள் என் மணிக்கட்டை நக்கிவிட்டு நடக்கத் தொடங்கினாள். சீமைக் கருவேல முள்ளாக இருந்திருந்தால் இவ்வளவு லேசில் முடிந்திருக்காது; அது மண்டியிருக்கும் தரிசுப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

தரிசைத் தவிர்க்க இன்னொரு காரணம் மயில். குன்றக்குடி முருகனின் வாகனம் இந்த வட்டாரம் முழுக்கத் தோகையை இழுத்துக்கொண்டு திரிகிறது. பிச்சியின் உடம்பு விறைத்து, காது மடங்கி, கயிறு இறுகியதை வைத்துத்தான் மயில் எங்கே என்று நானே கண்டுபிடித்தேன். தேசியப் பறவை, வேட்டை நாயைக் கட்டவிழ்த்துவிட்டு அது துரத்திப் பிடித்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாயின் சொந்தக்காரர்தான்.

இரவு போன் வெளிச்சத்தில் உண்ணி பார்க்கிற வேலை. காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழ். மணியின் காதில் ஒன்று கிடைத்தது. நசுக்காமல் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன்.

கிளம்பும்போது காவல்கார அண்ணனிடம் தை மாதம் வந்தால் எப்படி என்று கேட்டேன். “பூசத்துக்கு முன்னால வராதீக. குன்றக்குடியில இருந்து பழனிக்குக் காவடி கெளம்பும், ரோடு பூரா நடக்குற சனம். நாய் மெரளும். மாசி பொறந்ததும் வாங்க. ஆனா ஒம்பது மணிக்குள்ள நடையை முடிச்சிருங்க, அப்புறம் இந்தச் செவுத்து நெழலும் குட்டையாப் போயிரும்.” பங்குனியைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் சிரித்தார்.