மணியும் டீக்கடைச் செவலையும்

நவம்பர் 17

காலையில் டீக்கடை முனையில் மானம் போயிற்று. வாசலில் படுத்திருந்த செவலை நாய், என் நாய் மணியைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டியது. "வாலாட்டுது சார், ஒண்ணும் பண்ணாது" என்றார் மாஸ்டர். நானும் நம்பி, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேருக்கு நேர் கூட்டிப்போனேன். இரண்டே நொடி, ஒரே ரகளை. நல்லவேளை, கடி விழவில்லை. டீ முழுக்க வேட்டியில்.

நவம்பர் 18

அந்த வாலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதுகுக்கு மேலே கம்பியாக விறைத்து நின்றது. நுனி மட்டும் படபடவென்று அசைந்தது. வாய் இறுக மூடியிருந்தது. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது மணி ஆட்டும் வாலே வேறு. இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து குழையும். பகையோடு நெருங்கும் நாய்க்கும் எசமானிடம் குழையும் நாய்க்கும் உடம்பு எப்படித் தலைகீழாக மாறுகிறது என்று 1872-லேயே டார்வின் படம் போட்டு விளக்கிவிட்டார். எனக்குத்தான் 150 வருஷம் லேட்.

சொந்தக்காரரைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகம் சாயும், மிரட்டலான அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம் சாயும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-ல் சொன்னார்கள். மணிக்குப் பின்னால் மண்டியிட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி சிரித்ததுதான் மிச்சம்.

நவம்பர் 21

மொட்டை மாடியிலிருந்து ஒரு மணி நேரம் தெருவைப் பார்த்தேன். கயிறில்லாத நாய்கள் நேர்க்கோட்டில் வருவதே இல்லை. அரிவாள் மாதிரி வளைந்து வருகின்றன. நடுவில் ஒன்று எதையோ தொலைத்ததுபோல் தரையை மோப்பம் பிடிக்கிறது, மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அப்புறம் பின்பக்கம் மோந்து பார்த்துவிட்டு, அதனதன் வழியில் போய்விடுகின்றன. சண்டை வந்தது ஒரே ஒரு முறை. அதற்கு முன்னால் இரண்டும் சிலையாக நின்று கண்ணுக்குக் கண் முறைத்தன.

நவம்பர் 22

சட்டென்று உறைத்தது. நான் கயிற்றை இழுக்கும்போது மணியின் கழுத்து நிமிர்கிறது, நெஞ்சு மேலே தூக்குகிறது. எதிரே நிற்கும் நாய்க்கு அது "வாடா பார்க்கலாம்". அவன் வாயில் கெட்ட வார்த்தையைத் திணித்தது நான்தான்.

முதுகு முடி சிலிர்த்தால் கோபம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பயத்திலும் பரபரப்பிலும் கூடத்தான் சிலிர்க்கும், நமக்குப் புல்லரிப்பது போல.

நவம்பர் 26

எதிர்ச் சாரியில், கயிற்றைத் தொய்வாக விட்டு, வளைவாக நடத்திப் போனேன். மணி மூக்கை நக்கினான், கொட்டாவி விட்டான். தூக்கமா? ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டவன்! மனசு படபடத்தாலும் நாய்க்குக் கொட்டாவி வரும். செவலை தலையைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான், கடந்துவிட்டோம்.

டிசம்பர் 2

கார்த்திகை மாசம். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் போடும் வெட்டு இல்லாத பெட்டை ஒன்று, பின்னால் ஐந்து கடுவன்கள். இன்றைக்கு எந்தப் பாடமும் வேலைக்கு ஆகாது. அடுத்த தெரு வழியாகப் போனோம்.

டிசம்பர் 9

செவலை முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கியது. விளையாடக் கூப்பிடுகிறது! மணியும் அதேபோல் குனிந்தான். "பாயப் போகுது, இழுங்க சார்!" என்று மாஸ்டர் கத்தினார். பழக்க தோஷத்தில் கயிறு என் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. மெல்லப் பிரித்து விட்டேன். இரண்டும் துள்ளியதில் கயிறு என் காலைச் சுற்றிக்கொண்டது. இன்றும் டீ வேட்டியில்தான்.