ஏடிபி சிந்தேஸ்: ஆற்றல் எங்கே செலவாகிறது?

மைட்டோகாண்ட்ரியா செல்லின் மின்நிலையம் என்று படித்திருப்போம், அதோடு பாடம் முடிந்திருக்கும். அந்த மின்நிலையத்துக்குள் நிஜமாகவே சுழல்கிற ஒரு நொதி இருக்கிறது என்பதை ஏன் யாரும் அப்போதே சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான். அதன் பெயர் ஏடிபி சிந்தேஸ். செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவழிக்கும் ஏடிபி (ATP) என்ற மூலக்கூறை உருவாக்குவது இதுதான்.

முதலில் அதைச் சுழற்றுவது எது என்று பார்த்துவிடலாம். சாப்பாட்டிலிருந்து பிரித்தெடுக்கப்படும் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன, அந்த வழியில் கிடைக்கும் ஆற்றலை வைத்து மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. இதனால் சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே உருவாகும் மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் சவ்வின் தடிமனே சுமார் 5 நானோமீட்டர்தான், அதனால் மீட்டருக்கு என்று கணக்குப் போட்டால் 3 கோடி வோல்ட் வருகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இந்த யோசனையை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

வெளியே போன புரோட்டான்கள் உள்ளே திரும்புவதற்கான முக்கிய வழி இந்த நொதிதான். சவ்வுக்குள் புதைந்த ஒரு வளையம், அதிலிருந்து உள்ளே நீளும் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஒரு தலை. பாலூட்டிகளில் அந்த வளையத்துக்கு 8 துண்டுகள், ஒரு புரோட்டான் வந்தால் ஒரு துண்டளவு நகரும். 8 புரோட்டான்களுக்கு ஒரு முழுச் சுற்று, ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி.

இதுவரைக்கும் இதை அணைக்கட்டுத் தண்ணீரில் சுழலும் டர்பைனோடு ஒப்பிடலாம். இதற்கு மேல் அந்த உவமை நம்மைத் தவறான பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடும். சுழற்சியின் ஆற்றல் ADP என்ற மூலக்கூறோடு பாஸ்பேட்டை ஒட்டி ஏடிபி (ATP) ஆக்குவதற்குச் செலவாகிறது என்றுதானே நினைப்போம்? இந்த நொதியை ஆராய்ந்த பால் போயர் சொன்னது வேறு. நொதியின் பிடிக்குள் இருக்கும்போது பாஸ்பேட் ஒட்டிக்கொள்வதற்குக் கிட்டத்தட்ட ஆற்றலே தேவையில்லை. உருவான ஏடிபியை நொதி அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, அதை விடுவிக்கத்தான் ஆற்றல் வேண்டும். தலையில் 3 இடங்கள் இருக்கின்றன. தண்டு சுழலச் சுழல ஒவ்வொன்றும் முறை வைத்து வடிவம் மாறுகிறது. ஒன்று மூலப்பொருளை வாங்கும்போது இன்னொன்று இறுக்கிப் பிடித்து ஏடிபி ஆக்கும், மூன்றாவது பிடியைத் தளர்த்தி வெளியே விடும்.

1994-இல் ஜான் வாக்கரின் குழு மாட்டு இதயத்திலிருந்து எடுத்த நொதியின் அமைப்பை வெளியிட்டபோது அந்த 3 இடங்களும் மூன்று விதமாகவே இருந்தன. 1997-இல் போயருக்கும் வாக்கருக்கும் நோபல். அதே வருடம் ஜப்பானில் ஒரு குழு இன்னும் ஒரு படி மேலே போய், தலையைக் கண்ணாடியில் ஒட்டி, தண்டில் ஆக்டின் என்ற புரதத்தாலான ஒளிரும் இழை ஒன்றைக் கட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியிலேயே பார்த்தது. எனக்குப் பிடித்த சோதனை இதுதான்.

அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பார்த்தது எதிர்த்திசைச் சுழற்சி. புரோட்டான் ஓட்டம் இல்லாமல் ஏடிபியை மட்டும் கொடுத்தால் இந்த இயந்திரம் அதை உடைத்துக்கொண்டு பின்னோக்கி ஓடும். செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போனாலும் இதே ஆபத்து உண்டு, இருக்கிற ஏடிபியையும் இது தின்றுவிடும். அப்படி நடக்காமல் தடுக்க ஐஎஃப்1 என்ற சின்னப் புரதம் இருக்கிறது, உள்ளே அமிலத்தன்மை கூடும்போது அது வந்து தலையைப் பூட்டிவிடும்.

அப்புறம் டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது புரோட்டான்களை நொதியின் வழியாக இல்லாமல் சவ்வின் ஊடாகவே உள்ளே கொண்டுவந்துவிடும். எரிபொருள் எரியும், ஏடிபி வராது, எல்லாம் வெப்பமாகப் போகும். 1930-களில் அமெரிக்காவில் எடை குறைக்க இதை விழுங்கினார்கள். எடை குறைந்தது, சிலர் உடல் சூடு ஏறியே இறந்தார்கள், 1938-இல் அது நிறுத்தப்பட்டது. இன்றைக்கும் இணையத்தில் கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று விற்கிறார்கள். உடலுக்குள் ஏறிவிட்டால் இதை முறிக்க மாற்று மருந்து கிடையாது, அதனால் யார் சொன்னாலும் தொடாதீர்கள்.