கயிற்றின் மேல் அடித்த டார்ச்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் கரையேற்றி வைத்திருக்கிற விசைப்படகுகளில் ஒருபக்கம் பெயின்ட், ஒருபக்கம் பலகை மாற்றுவது, இன்ஜின் வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. என் பங்குக்கு விளக்கு ஒயரிங். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வருஷத்திலேயே எனக்கு அதிக வேலை இருக்கிற காலம் இதுதான். இந்த முறை மூன்று படகுக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சிவப்பு, பச்சை எந்தப் பக்கம் இருந்தா என்ன தம்பி, வெளிச்சம் இருந்தாப் போதாதா?" போதாது. ஏன் போதாது என்பதை கையில் ஒயரை வைத்துக்கொண்டு நின்றபடியே சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது நடந்தது. தை மாதம், வாடைக்காற்று இன்னும் முழுசாக அடங்கவில்லை. மாமாவின் வல்லத்தில், அதாவது சின்ன நாட்டுப்படகில், நான்கு பேர் நண்டு வலைக்குப் போயிருந்தோம். வலையை வாங்கி முடித்துத் திரும்பும்போது இன்ஜின் நின்றுவிட்டது. என்ன செய்தும் எழும்பவில்லை. கரையின் விளக்குகள் தெரிகின்றன, ஆனால் போக முடியாது. ரொம்ப நேரம் கழித்து ஒரு விசைப்படகு வந்தது, அவர்கள்தான் கயிறு போட்டுக் கட்டி இழுத்தார்கள். இரண்டு படகுக்கும் நடுவில் இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி கயிறு இருக்கும். இழுக்கிற படகில் கேபினுக்கு மேலே ஒரே ஒரு வெள்ளை பல்பு. எங்கள் வல்லத்தில் அதுவும் இல்லை. அமாவாசைக்கு முந்தின ராத்திரி வேறு.

வடக்கேயிருந்து இன்னொரு வல்லம் வந்தது. முன்னால் போகிற இன்ஜின் சத்தத்தில் அது வருவதே எங்களுக்கு முதலில் கேட்கவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு படகு மட்டும்தான். அது தாண்டிப் போகட்டும், பின்னால் வளைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த 'பின்னால்' என்ற இடத்தில்தான் எங்கள் கயிறு இருந்தது. நான் டார்ச்சை அவர்கள் முகத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமா பின்னாலிருந்து கத்தினார், "அவன் மூஞ்சில அடிக்காதடா, கயித்துல அடி!" இறக்கிக் கயிற்றில் அடித்தேன். தண்ணீருக்கு மேலே விறைத்து நின்ற ஈரக் கயிறு, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டு, வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி அந்தப் படகு வரைக்கும் தெரிந்தது. வந்த வல்லம் அப்படியே திரும்பியது. எவ்வளவு பக்கம் என்றால், சுக்கான் பிடித்திருந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டு கட்டம் போட்டதா கோடு போட்டதா என்று எனக்குத் தெரிந்தது. கோடு போட்டது.

பல வருஷம் கழித்து, இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு, கப்பலில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் ஒருவர் கடலில் மோதலைத் தடுப்பதற்கான சர்வதேச விதிகளின் புத்தகத்தைக் கொடுத்தார். 1972-இல் பல நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட விதிகள், 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதில் 24-ஆவது விதி கட்டி இழுப்பதைப் பற்றியது. இழுக்கிற படகு முன்னோக்கிய வெள்ளை விளக்கை மேலும் கீழுமாக இரண்டாகப் போட வேண்டும், பின்பக்க வெள்ளை விளக்குக்கு மேலே ஒரு மஞ்சள் விளக்கும் வேண்டும். இழுபடுகிற படகும் தன் சிவப்பு, பச்சையையும் பின்விளக்கையும் எரியவிட வேண்டும். சரி, ஆபத்துக்கு உதவியாக வந்தவனிடம் மஞ்சள் விளக்கு எங்கே இருக்கும்? அதற்கும் அங்கேயே வழி சொல்லியிருக்கிறார்கள். இழுவை வேலை செய்து பழக்கமில்லாத படகுக்கு இந்த விளக்குகளைப் போட வழியில்லை என்றால் பரவாயில்லை, ஆனால் இரண்டும் சேர்ந்துதான் போகின்றன என்று தெரியும்படி முடிந்ததை எல்லாம் செய்ய வேண்டும், குறிப்பாகக் கயிற்றின் மேல் வெளிச்சம் காட்ட வேண்டும்.

அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமா அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கூடப் பார்த்தவர் இல்லை.

ஆற்றில் ஓடுகிற படகுகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நமக்கு ஆறு என்றால் வைகைதான், அதுவும் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை தண்ணீர் வந்தாலே சந்தோஷம். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றில் பார்ஜுகளை, அதாவது சரக்கு ஏற்றுகிற பெரிய தட்டை மிதவைகளை, இழுத்துப் போவதில்லை, ஒன்றோடு ஒன்று கட்டிப் பின்னாலிருந்து தள்ளிப் போகிறார்கள். ஒரு பார்ஜ் 195 அடி நீளம். மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்தைக் கட்டினால் தள்ளுகிற படகுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஆயிரம் அடிக்கு இரும்பு நிற்கிறது. ஆட்களும் இன்ஜினும் எல்லாம் கடைசியில். எதிரே வருகிறவன் பின்னால் இருக்கிற அந்தப் படகின் வெளிச்சத்தை வைத்து தூரத்தைக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அவர்களுடைய உள்நாட்டு விதிப்படி, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிற பார்ஜின் மூக்கில், நடுவாக, நிமிஷத்துக்கு 50 முதல் 70 தடவை மின்னுகிற மஞ்சள் விளக்கு இருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் கூட அந்த முன்முனையில்தான். தள்ளுகிற படகின் பின்னால் வெள்ளைக்குப் பதிலாக மேலும் கீழுமாக இரண்டு மஞ்சள். இன்னொன்றும் உண்டு, அங்கே ஓட்டத்தோடு கீழே வருகிறவனுக்குத்தான் வழி, எதிர்த்து ஏறுகிறவன் விட்டுக்கொடுக்க வேண்டும். பாம்பன் பாலத்தடியில் நீவாடு, அதாவது நீரோட்டம், பிடித்து இழுக்கும்போது வல்லம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லவே வேண்டாம். நம் நாட்டிலும் ஆறு, காயல்களில் ஓடும் கலங்களுக்கு 1917-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் புதுச் சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள், விளக்கும் அதற்குள் வருகிறது.

இப்போது அந்தச் சிவப்பு, பச்சைக் கேள்விக்கு வருகிறேன். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னால் தொடங்கி, பக்கவாட்டையும் தாண்டிக் கொஞ்சம் பின்வரை, 112.5 பாகைக்கு மட்டும் தெரிய வேண்டும். மிச்சமிருக்கிற 135 பாகைக்குப் பின்விளக்கு, வெள்ளை. மூன்றையும் கூட்டினால் சரியாக 360, ஒரு முழு வட்டம். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு நிறம் தெரியும், அந்த நிறமே படகு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடும். நான் எல்லோருக்கும் சொல்லித் தருகிற கணக்கு இதுதான்: பச்சை தெரிந்தால் அந்தப் படகு நாம் தமிழ் எழுதுகிற திசையில், இடமிருந்து வலமாகப் போகிறது. சிவப்பு தெரிந்தால் வலமிருந்து இடமாக. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேரே நம் மேல்தான் வருகிறது, இரண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். நம் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறவன் நமக்குச் சிவப்பைக் காட்டுவான், அவனுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். விளக்கை மாற்றி மாட்டிவிட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் தலைகீழ். வலப்பக்கம் போகிறவன் இடப்பக்கம் போகிற மாதிரி தெரிவான்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. 12 மீட்டருக்குக் குறைவான வல்லத்துக்குச் சுற்றிலும் தெரிகிற ஒரு வெள்ளையும், ஒரு மைலுக்குத் தெரிகிற சிவப்பு பச்சையும் போதும். 7 மீட்டருக்கும் கீழே, வேகமும் மணிக்கு 7 கடல் மைலைத் தாண்டாது என்றால் வெள்ளை மட்டும் கூடப் போதும், முடிந்தால் மற்றதையும் போடச் சொல்கிறது விதி. விசைப்படகு வலை இழுக்கும்போது மேலே பச்சை, கீழே வெள்ளை தனியாக வேண்டும்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இரண்டு விஷயம். சிவப்பு மூடிக்குள் பளீரென்ற வெள்ளை எல்இடி பல்பைப் போடாதீர்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பே குறைவு, மூடியைத் தாண்டி வரும்போது மங்கி, பாதித் தூரத்திலேயே காணாமல் போகிறது. சிவப்பு விளக்குக்குச் சிவப்பு எல்இடியே கிடைக்கிறது. அப்புறம், கேபினைச் சுற்றி ஓடுகிற கலர் சீரியல் லைட். ஆசையாகத்தான் போடுகிறீர்கள், எனக்குப் புரிகிறது, ஆனால் பச்சையும் சிவப்பும் நீலமும் எல்லாப் பக்கமும் ஓடினால் உங்கள் படகு எந்தப் பக்கம் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கரைக்கு வந்து கட்டின பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் ஒரு படகுக்கு வேலை முடிந்தது. பழைய ஒயரை உரித்துப் பார்த்தால் உப்புக்காற்றில் செம்பு முழுக்கப் பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளீயம் பூசிய ஒயர் போட்டேன். சிவப்பு வெளிச்சம் வலப்பக்கம் கசியாமல் இருக்க உள்பக்கம் ஒரு பலகையை நிறுத்தி, மினுக்காத கறுப்பு அடித்தேன். இருட்டினதும் சுவிட்சைப் போட்டுவிட்டு, கேட்ட அந்த அண்ணனையே மணலில் இறங்கிப் படகைச் சுற்றி நடக்கச் சொன்னேன், தெரிகிற நிறத்தைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். "சிவப்பு... சிவப்பு... இப்ப ரெண்டும்... பச்சை... இன்னும் பச்சை... ஆ, வெள்ளை." கொஞ்சம் நின்றார். அப்புறம் நான் சொல்லாமலே இன்னொரு சுற்று நடந்தார்.