கத்திரி வெயிலில் உடுத்தியவை

ஏப்ரல் 22

மாலை ஆறு மணிக்குப் பிறகும் மதுரைத் தெப்பக்குளத்தின் சுற்றுச்சுவர்க் கல்லில் உட்கார முடியவில்லை. கும்பகோணம் ஓவியக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் வகுப்புக்காரர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். சிற்பம் படிக்கிறவன் கட்டம் போட்ட கைலியும், முழங்கைவரை மடித்துவிட்ட தொளதொளப்பான வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தான். தோழி தன் அண்ணனின் கைலியைப் பாவாடைபோலச் சுற்றி, மேலே கறுப்பு டீ-சர்ட் போட்டிருந்தாள். நாற்பது டிகிரி வெயிலில் கறுப்பு எதற்கு என்று கேட்டதற்கு, மைக்கறை தெரியாது என்றாள். அவள் மையைத் தொட்டுப் பல வாரங்கள் ஆகின்றன.

கைலியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழே திறந்திருப்பதால் காற்று ஏறுகிறது; நடக்கும்போது முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டலாம், உட்காரும்போது இறக்கிவிடலாம். ஆனால் காலையில் கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர்களை வரைந்த அதே பக்கத்தில் மாலையில் இவர்களையும் வரைந்தபோது, மடிப்பின் உயரமும் தலைத்துண்டின் சுற்றும் ஒன்றாகவே வந்தன. ஒருவர் அந்த உடையில் கூலி வாங்குகிறார், மற்றவர் அதற்காகப் பாராட்டு வாங்குகிறார் என்ற வேறுபாட்டைப் பென்சிலால் காட்ட முடியவில்லை.

ஏப்ரல் 23

அப்பத்தா இன்றும் மருத்துவமனை வார்டு உடையைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார்.

ஏப்ரல் 26

முதுகில் நாடா கட்டும் அந்தப் பச்சை அங்கியைப் பார்த்து, முன்பக்கம் மட்டும் உள்ளதை எப்படித் துணி என்பது என்று அப்பத்தா கேட்கிறார். செவிலியர் சிரித்துவிட்டார். நான் வீட்டிலிருந்து அவருடைய அரக்குச் சுங்குடிச் சேலையைக் கொண்டுபோய் அங்கியின் மேல் போர்த்தினேன்.

கொண்டுபோகும் வழியில் பேருந்தில் அதைத் தடவிக்கொண்டே போனேன். துணியை மடித்து, புள்ளி வரவேண்டிய இடங்களைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டி, அதன் பிறகு சாயத்தில் முக்குவார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் வீட்டு வேலைகளுக்கிடையே முடிந்தவை அவை. மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தும், விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் இன்று தொங்குபவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். அச்சுப் புள்ளி தட்டையாக, எல்லாம் ஒரே அளவாக இருக்கும். அப்பத்தாவின் சேலையில் புள்ளிகள் கோணலாக இருக்கின்றன; எத்தனையோ துவைப்புக்குப் பிறகும் சில இடங்களில் விரலுக்கு மேடு தட்டுகிறது.

தோழி இந்தச் சேலையை வெட்டிச் சட்டை தைத்துக்கொள்ளலாமே என்று இரண்டாவது முறையாகக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நான் பதில் அனுப்பவில்லை.

மே 1

ஆய்வு முடிவு வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். எந்த வியாழக்கிழமை என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மே 3

சிற்பக்காரனுக்குக் கதர் ஜிப்பா வேண்டுமாம். மேலமாசி வீதிக் கதர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறியது அந்தக் கடை இருக்கும் வீட்டின் மாடியில்தான். கதர் வாங்க இயலாதவர்களுக்குத் தானே வழிகாட்ட வேண்டும் என்று, முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அறிவித்தார். அந்த உடை இறுதிவரை நீடித்தது. துணியைக் குறைத்துக்கொண்டவரின் இடத்தில் நின்று, இவன் கை நீளமும் உடல் அகலமும் இரண்டு அளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கதர் வியர்வையை உறிஞ்சும், காற்றையும் உள்ளே விடும் என்பது உண்மை. ஆனால் அவன் கண்ணாடியில் பார்த்தது வியர்வையைப் பற்றி அன்று.

தோளில் மஞ்சப்பை வேறு. என் அம்மாவின் காலத்தில் பட்டிக்காட்டான் என்று ஒருவனைக் காட்ட மஞ்சப்பை ஒன்றே போதுமாக இருந்தது. 2021 டிசம்பரில் பிளாஸ்டிக்குக்கு எதிராக அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. இப்போது ஓவிய மாணவர்களிடம் பையிலுள்ள ஜவுளிக்கடை விளம்பரம் எவ்வளவு மங்கியிருக்கிறதோ அவ்வளவு மதிப்பு.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது, வார்டின் மின்விசிறி அனலைச் சுற்றி அனுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

மே 8

மீனாட்சி திருக்கல்யாணம். அப்பத்தாவின் தாலிக்கயிற்றை வார்டிலேயே மாற்றிக் கட்டினோம். மருத்துவர் வரவில்லை.

மே 10

புது மண்டபத்துத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்களோடு இருந்தவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்காகச் சல்லடம் என்ற அரைக்கால் சட்டை, இடுப்பில் கட்டும் கச்சை, தலையில் கட்டும் உருமால் எல்லாம் அங்கே குவிந்துகிடக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்த துணி, ஜரிகை, வெல்வெட் குல்லாய். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய தோல்பையையும் தோளில் சுமந்து, சித்திரை வெயிலில் அழகரை நோக்கித் தண்ணீர் பீய்ச்சுவார்கள். கைலியையும் கதரையும் பற்றி இத்தனை நாள் நான் வெயிலை வைத்தே நியாயம் பேசி வந்தேன். வெல்வெட்டுக்கு அந்த நியாயம் எதுவும் பொருந்தாது; வேர்த்தாலும் வேண்டுதல் வேண்டுதல்தான்.

மே 11

சிற்பக்காரன் வெல்வெட் குல்லாய் ஒன்றை வாங்கி, கதர் ஜிப்பாவின் மேல் அணிந்து தெப்பக்குளத்துக்கு வந்தான். அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. பருத்திப்பால் விற்கும் பெரியவர் அவனிடம், எத்தனையாவது வருஷம் தம்பி, யாருக்காக நேர்ந்திருக்கிறீர்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அவனால் வாய் திறக்க முடியவில்லை. பெரியவர் பதிலுக்காகக் காத்திருந்ததுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவன் குல்லாயைக் கழற்றி மஞ்சப்பையில் வைத்தான். நான் அதைத் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

மே 12

அழகர் வைகையில் இறங்கும் நாள். ஆற்றுக்குப் போகவில்லை. வார்டுத் தொலைக்காட்சியின் கீழே நோயாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் நின்றுகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அழகருக்கு என்ன நிறப் பட்டு? பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பதும் சிவப்பு அவ்வளவு நல்லதன்று என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஓர் ஊரே ஒருவர் உடுத்தியதைப் பார்க்க விடிவதற்கு முன் எழுந்து நிற்கும் வழக்கம் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் நிறக் கோட்பாடு நடத்தியபோது யாரும் இதைச் சொல்லவில்லை.

பச்சைதான். அப்பத்தா கண்ணைத் திறக்காமலேயே கேட்டார், நான் சொன்னேன். தன் அங்கியைத் தொட்டுக்காட்டி, இதுவும் அந்தப் பச்சைதானா என்றார். அம்மா ஆமாம் என்றாள். உண்மையில் இல்லை; இது வெளுத்துச் சாம்பல் கலந்த பச்சை.

மே 14

தோழிக்குக் கடைசியாகப் பதில் அனுப்பினேன்: சேலையை வெட்டமாட்டேன், வேண்டுமானால் அப்படியே உடுத்திக்கொண்டு வந்து காட்டுகிறேன். அப்பத்தாவிடம் கேட்டபோது, ரவிக்கை எந்த நிறம் என்று மட்டும் விசாரித்தார். மஞ்சள் என்றேன். பொருந்தாது என்கிறார், நாளை வியாழக்கிழமை, மருத்துவர் வந்துபோன பிறகு இதைப் பேசி முடிக்க வேண்டும்.