ஒரு ஹெச்பி மோட்டாரை வைத்து வேலை, திறன் கணக்கு

பதினோராம் வகுப்பில் 'வேலை, ஆற்றல், திறன்' பாடத்துக்குச் சூத்திரங்கள் ஐந்தாறுதான். அத்தனையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகளே கணக்கில் கோட்டை விடுகிறார்கள். எந்த உயரம், எந்தக் கோணம், யார் கொடுத்த விசை என்று பார்க்காமல் கண்ணில் பட்ட எண்களைப் பெருக்கிவிடுவதால் வருகிற வினை இது. பழகுவதற்கு வீட்டு போர் மோட்டாரைவிட நல்ல கணக்கு கிடையாது.

மதுரைப் பக்கம் ஆழத்தை அடியில்தான் சொல்வார்கள். மோட்டார் 250 அடியில் தொங்குகிறது. ஓடும்போது தண்ணீர் மட்டம் 200 அடியில் நிற்கிறது. மொட்டை மாடித் தொட்டி தரையிலிருந்து 30 அடி உயரம், கொள்ளளவு 1000 லிட்டர். தொட்டி நிரம்ப எவ்வளவு வேலை?

பாதிப் பேர் 280 அடி என்று எடுப்பார்கள். தவறு. குழாய்க்கு வெளியே தண்ணீர் 200 அடி வரை நிற்கிறது அல்லவா? அந்த அழுத்தமே குழாய்க்குள்ளும் தண்ணீரை அதே மட்டத்துக்கு ஏற்றிவிடும். மோட்டார் தூக்க வேண்டியது அதற்கு மேலே உள்ள உயரத்தை மட்டும்: 200 + 30 = 230 அடி. ஒரு அடி 0.3048 மீட்டர், ஆக, ஏறத்தாழ 70 மீ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் (9.8) × உயரம் = 1000 × 9.8 × 70 = 6,86,000 ஜூல்.

அடியை மீட்டராக்க மறந்து 230-ஐ அப்படியே போட்டால் விடை மூன்று மடங்குக்கு மேல் எகிறிவிடும். எண்களை எழுதும்போதே பக்கத்தில் அலகையும் எழுதும் பழக்கம் வேண்டும். கடைசி வரியில் 'ஜூல்' என்று ஒட்டவைத்தால் போதாது.

அடுத்தது திறன், அதாவது ஒரு வினாடியில் செய்யும் வேலை. நம் மோட்டார் ஒரு ஹெச்பி (குதிரைத்திறன்); ஒரு ஹெச்பி என்றால் 746 வாட், வினாடிக்கு 746 ஜூல். 6,86,000 ÷ 746 = 920 வினாடி, அதாவது கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அவ்வளவு சீக்கிரம் எந்த வீட்டிலும் தொட்டி நிரம்பாது. 35 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள்: 2100 வினாடி. தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த திறன் 327 வாட், மோட்டார் தண்டு தருவதில் சுமார் 44 சதவீதம். மீதி பம்புக்குள் நீர் சுழல்வதிலும் குழாய் உராய்விலும் போகிறது. இன்னொன்று: மோட்டாரில் பொறித்திருக்கும் ஹெச்பி அது வெளியே தரும் திறன். உள்ளே இழுக்கும் மின்சாரம் அதைவிடக் கூடுதல். 1.1 கிலோவாட் இழுத்தால் 35 நிமிடத்தில் 0.64 யூனிட் ஓடும். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் என்பதால், தண்ணீர் வாங்கிக்கொண்டது 0.19 யூனிட்தான்.

கோணத்துக்கு வருவோம். வேலை = விசை × நகர்வு × இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒருவர் 50 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துச் சமதரையில் 100 மீட்டர் சீராக நடக்கிறார். 49,000 ஜூல் என்று எழுதினால் சைபர் மார்க். அவர் மூட்டைக்குக் கொடுக்கும் விசை மேல்நோக்கி, நகர்வு பக்கவாட்டில்; கொசைன் 90 பூஜ்யம். தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியபோது செய்த 882 ஜூல் மட்டுமே கணக்கில் வரும். (கூலி பேசும்போது இதைச் சொல்லிவிடாதீர்கள்.)

வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் கணக்கில் பொறி வேறு மாதிரி. 'கயிறு செங்குத்துடன் 60 டிகிரி' என்று கொடுத்திருப்பார்கள். வண்டி போவதோ கிடைமட்டமாக. போட வேண்டியது கொசைன் 30. விசை 200 நியூட்டன், தூரம் 10 மீட்டர் என்றால் 1732 ஜூல். அவசரத்தில் கொசைன் 60 போட்டவருக்கு 1000 வரும். படம் போட்டு, நகரும் திசைக்கு ஓர் அம்புக்குறி, விசைக்கு ஓர் அம்புக்குறி வரைந்தால் இந்தத் தப்பு வராது.

ரிங் ரோட்டில் பஸ் மணிக்கு 72 கிலோமீட்டரில் மாறாத வேகத்தில் போகிறது, எதிர்ப்பு விசை 1500 நியூட்டன். 'வேகம் மாறவில்லை, அதனால் திறன் பூஜ்யம்' என்பது நன்றாகப் படிக்கிற பிள்ளையும் சறுக்கும் இடம். பூஜ்யமாவது மொத்த வேலை. எஞ்சின் தன் பங்குக்கு உழைத்துக்கொண்டேதான் இருக்கிறது. 72-ஐ 5/18-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 20 மீட்டர்; திறன் = விசை × வேகம் = 1500 × 20 = 30,000 வாட், அதாவது 30 கிலோவாட்.

கடைசியாக, போட்டுப் பார்க்க ஒன்று. மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, 51.8 மீட்டர். உச்சியில் நிற்பவர் 25 கிலோ சுண்ணாம்பு மூட்டையைக் கயிறு கட்டி இரண்டு நிமிடத்தில் சீராக மேலே இழுக்கிறார். மூட்டைக்கு மட்டும் 12,691 ஜூல், சுமார் 106 வாட். கயிறு மீட்டருக்கு 200 கிராம் என்றால் அதன் எடை 10.36 கிலோ. இதற்கும் 51.8 மீட்டர் போடக் கூடாது. கயிற்றின் கீழ்முனை முழு உயரமும் ஏறுகிறது, மேல்முனை ஏறுவதே இல்லை. சராசரியாகப் பாதி, 25.9 மீட்டர். கூடுதல் வேலை 2,630 ஜூல். மொத்தத் திறன் 128 வாட்.